வாயின் இடது ஓரம்

சங்கரன்கோவில்
26 ஜூலை 2024

அமுதவள்ளிக்கு,

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. போன் செய்திருக்கலாம். போனில் எனக்கு ஒன்று அழுகை வரும், இல்லாவிட்டால் கெட்ட வார்த்தை வரும். அதனால்தான் காகிதம்.

ஆடித்தபசுக்குக் கோவிலைச் சுற்றிக் கடை போட்டிருந்தார்கள். மதினி பாத்திரம் பார்க்க வேண்டும் என்றாள், அண்ணன் வேலைக்குப் போயிருந்ததால் நான் கூடப் போனேன். வழியில் ஒரு பொம்மைக் கடை. துணிப் பொம்மைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். மஞ்சள் கவுன், கம்பளி நூலில் முடி. பொம்மைக் கடைப் பக்கம் நான் இப்போது முகத்தைத் திருப்புவதே இல்லை. காற்றில் ஒன்று தானாக என் பக்கம் திரும்பியது. மதினியைக் கூட்டத்தில் விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த வாய். இடது ஓரம் மட்டும் மேலே ஏறியிருக்கிறது. வலது ஓரம் ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. அம்மு சிரிக்கத் தொடங்கும்போது அப்படித்தான் இருக்கும், உனக்குத் தெரியாதா? இடது புருவம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம். அதுவும் இருக்கிறது.

காலில் தைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். எர்ணாகுளம் காக்கநாட்டுக் கம்பெனி. நீ முகம் போட்டுக் கொடுக்கிற அதே கம்பெனி.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கடைக்காரன் கேட்டான். ஆறு என்று சொல்லிவிட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நம் பிள்ளை போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. அவள் முகத்தை எடுத்துத் துணியில் தைத்துச் சந்தையில் தொங்கவிட உனக்கு எப்படி மனம் வந்தது? கம்பெனி கேட்டதா, நீயாகக் கொடுத்தாயா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இசக்கிதுரை


மட்டாஞ்சேரி
5 ஆகஸ்ட் 2024

அம்மு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும். ஆனால் நேரம் ஆனது அதனால் இல்லை.

கம்பெனி கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன நவம்பரில் கம்பெனியிலிருந்து ஸுப்ரியா மேடம் ஒரு படம் அனுப்பினார். வட்ட முகம், பொட்டு மாதிரி இரண்டு கண், நேராக ஒரு சிரிப்பு. அதை நான் பஞ்சிங் செய்து கொடுக்க வேண்டும். ஏழு வருஷம் என் பக்கத்தில் இருந்தும் இந்த வேலை என்ன என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். மெஷினுக்குப் படம் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு குத்தாக நான் கம்ப்யூட்டரில் வைத்துக் கொடுத்தால்தான் அது தைக்கும். பொம்மைத் துணியின் ரோமம் மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். அடியில் ஒரு தையல் போட்டு ரோமத்தை அமுக்கிவிட்டு, அதன் மேல்தான் வாயை வைக்க வேண்டும். வட்டமாக வைத்த கண்ணைத் துணி இழுத்து முட்டையாக்கிவிடும். தட்டைத் துணியில் சிரிக்கிற வாய், பஞ்சு அடைத்ததும் அழுகிற வாயாகிவிடும். அதனால் மாதிரி தைத்து, பஞ்சு அடைத்துப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும்.

ஆறு மாதிரி திரும்பி வந்தன. "அமுதா, எல்லாம் சரியா இருக்கு, ஆனா முகத்துல உயிர் இல்லையே" என்றார் மேடம். ஏழாவதைப் போட்டு அனுப்பினேன். உடனே போன் செய்தார். "இதுதான். இதுல யாரோ இருக்கா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் சொன்ன அந்த யாரோ யார் என்று நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். வாயின் இடது ஓரத்தில் நாற்பது தையல் வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் முப்பத்தொன்று. எப்போது அப்படி வைத்தேன்? தெரியவில்லை. புருவத்தின் இறக்கத்தையும் பார்த்தேன். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். அவளேதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் போகும்போது நாம் படம் எடுக்க வைத்திருந்த பழைய போனைக் கொண்டுபோனீர்கள். அவளுடைய போட்டோ, வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன. எனக்கு மிஞ்சியது ஆதார் அட்டையில் இருக்கிற கறுத்த படம். அதைக் காட்டினால் அம்முவே "இது யாரு?" என்பாள். இத்தனை நாளும் அவளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறேன். என் கை அங்கேயிருந்து எடுத்திருக்கிறது போலிருக்கிறது. அது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்கவும்.

அமுதவள்ளி


சங்கரன்கோவில்
14 ஆகஸ்ட் 2024

அமுதவள்ளிக்கு,

போட்டோவை நான் மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்காதே. இங்கே வந்ததிலிருந்து அந்த போனில் சார்ஜ் போடவே இல்லை. பெட்டிக்குள் கிடக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். திருவிழா முடிந்து கடையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏழு பொம்மைகள் மிச்சம் இருந்தன. ஏழையும் வாங்கினேன். "இப்பமே கொலுவுக்கா அண்ணாச்சி?" என்று சிரித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் வாங்கியதையும் சேர்த்து ஒரு சிமென்ட் சாக்கில் போட்டேன். சாக்கின் வாயைக் கட்டக் கயிற்றை எடுத்தேன், கட்ட முடியவில்லை. உள்ளே அவற்றுக்கு மூச்சு முட்டும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். சாக்கு இன்னும் திறந்தபடி மூலையில் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. நேற்று புளியங்குடி ரோட்டில் ஒரு வீட்டில் டைல்ஸ் வேலை. செங்கல் இறக்க வந்த வண்டியின் முன்கம்பியில் அந்தப் பொம்மையைக் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். ஒரு கண்ணில் சேறு. அவிழ்க்கச் சொன்னேன். "திருஷ்டிக்குக் கெடக்கு, உனக்கென்ன வே?" என்றான். நானே அவிழ்க்கப் போனேன். கைகலப்பாகிவிட்டது. வீட்டுக்காரர் என்னை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஊரில் இன்னும் எத்தனை வண்டியில், எத்தனை தெருவில், எத்தனை நாய் வாயில் அந்த முகம் கிடக்கிறது? அதைச் சொல்.

கை தானாக வைத்தது என்கிறாய். அன்றைக்கும் உன் கை தானாகத்தான் வைத்துக்கொண்டிருந்தது.

அந்த முகத்தை எடுத்துவிடு. கம்பெனியில் என்ன சொல்வாயோ, எப்படிச் செய்வாயோ, எனக்குத் தெரியாது. இனி ஒரு பொம்மைகூட அந்த வாயோடு வெளியே வரக் கூடாது.

இசக்கிதுரை


மட்டாஞ்சேரி
23 ஆகஸ்ட் 2024

அம்மு அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டது நடக்கப்போகிறது. என்னுடைய முயற்சியால் இல்லை.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே காக்கநாட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸுப்ரியா மேடம், "நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். வாங்குகிறவர்கள் சிலர் குறை எழுதியிருக்கிறார்களாம். வாய் கோணல், தையல் பிசகு என்று. அடுத்த உற்பத்திக்கு இரண்டு ஓரமும் ஒரே மாதிரி ஏறியிருக்க வேண்டும், புருவமும் நேராக வேண்டும். "சின்ன வேலைதான் அமுதா, உனக்கு ஒரு மணி நேரம்" என்றார். செப்டம்பர் இரண்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார்.

போனவை போனவைதான். நாற்பதாயிரத்துக்கு மேல் கடைகளுக்குப் போய்விட்டன. அவற்றை யாரும் திரும்பக் கூப்பிட முடியாது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். "அன்றைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நீங்கள்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "விட்டுருச்சு, இனி பயமில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனீர்கள். மத்தியானம் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. மூன்றரை மணிக்கு நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு கரடியின் கண். அவசர வேலை. ஐந்தரைக்கு எழுந்து பார்த்தபோது அவள் கை கால் ஐஸாக இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினாள். டெங்கு என்றும், காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நமக்கு யார் அதைச் சொல்லியிருந்தார்கள்? மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள், என் அண்ணன், உங்கள் அண்ணன், மதினி, கீழ்வீட்டு லோகாம்பாள் மாமி எல்லாரும் இருந்தார்கள். "நீ பொம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தே, பிள்ள மூஞ்சியப் பாக்கல" என்றீர்கள். அதன் பிறகு இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன், அது உண்மை. ஆனால் முகத்தை எடுக்கச் சொல்வது அம்முவுக்காகவா, இல்லை எனக்குத் தண்டனையாகவா? அதை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் தேதிக்குள் உங்கள் பதில் வராவிட்டால், எடு என்று நீங்கள் முன்பு சொன்னதுதான் முடிவு என்று வைத்துக்கொண்டு செய்துவிடுவேன். எப்படியும் ஒருவர் செய்யத்தான் போகிறார்கள். வேறு ஆள் கை அவள் வாயில் படுவதைவிட நானே செய்கிறேன்.

அமுதவள்ளி


சங்கரன்கோவில்
28 ஆகஸ்ட் 2024

அமுதாவுக்கு,

அதைச் செய்யாதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன். அந்த வாயை நேராக்காதே. எப்படியாவது சொல்லி நிறுத்து.

போன வாரம் நான் வேலை தேடி வெளியே போயிருந்தபோது மதினி அந்தச் சாக்கைப் பார்த்திருக்கிறாள். தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். நான் வந்து கேட்டபோது, "சாக்குக்குள்ள கெடந்து என்ன செய்யப்போவுது தம்பி? பிள்ளைகளாவது வெளையாடட்டும்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன். கிளம்பியும் விட்டேன்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஆவுடையம்மாள் பேத்தி உட்கார்ந்திருந்தாள். நாலு வயது இருக்கும். பொம்மையை மடியில் படுக்க வைத்து, கிண்ணத்தில் மண்ணைக் குழைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று கோபம் அவளுக்கு. "இந்த ஒரு வாய் மட்டும், இந்த ஒரு வாய் மட்டும்" என்று கெஞ்சினாள். பிறகு பாவாடை நுனியால் அதன் வாயைத் துடைத்துவிட்டாள். நான் பிடுங்கவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தக் கிண்ணம் காலியாகிறவரை பார்த்தேன்.

அம்முவுக்காகவா, தண்டனையாகவா என்று கேட்டிருக்கிறாய். தண்டனைதான். ஆனால் அது உனக்குரியது இல்லை. இதை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. எழுதவும் கை வரவில்லை, இது நாலாவது தாள்.

அன்றைக்கு அம்மு எனக்கு போன் செய்தாள். உன் போனிலிருந்து. மூன்றே முக்கால் மணி இருக்கும். வயிறு வலிக்கிறது என்றாள். நான் தரைக்குக் கலவை போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். விட்டால் காய்ந்துவிடும். காய்ச்சல் விட்டாயிற்று, வயிற்று வலிதானே, கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு போன் போட்டு, பிள்ளையைப் பார் என்று சொல்லியிருக்கலாம். போடவில்லை. கை முழுக்கச் சிமென்ட். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இல்லை, அமுதா.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வயித்து வலி சொன்னாளா, எப்போ?" என்று நம் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார். நீ தெரியாது என்றாய். நானும் தெரியாது என்றேன். அந்தப் பொய்க்குப் பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. பழியை யாராவது ஒருவர் மேல் போட வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் எல்லார் முன்னாலும் உன் மேல் போட்டேன்.

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போட்டோவில் முடியவில்லை, பொம்மையிலும் முடியவில்லை. அதனால்தான் எடு என்று குதித்தேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதப்போவதில்லை. அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. வாயை மட்டும் நேராக்காதே.

இசக்கி

(செப்டம்பர் 2. இதை எழுதி ஐந்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று தேதியைப் பார்த்ததும் ஓடிவந்து பெட்டியில் போடுகிறேன். கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் இரண்டு நாள் பொறுக்க மாட்டார்களா?)


மட்டாஞ்சேரி
9 செப்டம்பர் 2024

அம்மு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. நான் இரண்டாம் தேதி மத்தியானமே செய்துவிட்டேன்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று காலைத் தபால் வரும்வரை பார்த்தேன். பிறகு உட்கார்ந்தேன். மேடம் சொன்ன மாதிரி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடது ஓரத்தில் ஒன்பது தையலை எடுத்தேன். முப்பத்தொன்று, முப்பத்தொன்று. புருவத்தைத் தூக்கிவிட்டேன். அதே பெயரிலேயே சேமித்தேன், அதனால் பழையது போய்விட்டது. பழையதை வேறாக எடுத்து வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் கை நின்றது. வைத்துக்கொண்டால் தினமும் திறந்து பார்ப்பேன் என்று பயந்து வைக்கவில்லை. கம்பெனியிலும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிவிட்டார்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு மேடத்திடம் போன் செய்து கேட்டேன். "எதுக்கு அமுதா, இது ரொம்ப அழகா வந்திருக்கே?" என்றார். அழகாகத்தான் வந்திருக்கிறது. யாரும் இல்லை அதில்.

இனி நீங்கள் சொன்ன விஷயம்.

எனக்குத் தெரியும்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அண்ணனைக் கூப்பிடப் போனை எடுத்தேன். நான் செய்யாத ஒரு அழைப்பு அதில் இருந்தது. உங்கள் நம்பருக்கு. 3.41. இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி. டாக்டர் கேட்டபோது நீங்கள் சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். சரி, பிறகு என்னிடம் தனியாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். பதினாறாம் நாள் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோது போன் என் கையில்தான் இருந்தது. திறந்து காட்டியிருந்தால் எல்லாரும் உங்கள் பக்கம் திரும்பியிருப்பார்கள். எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். என்னால் முடியவில்லை. அவள் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவள் கூப்பிட்ட ஆளை நான் காட்டிக்கொடுப்பதா?

நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, இன்றைக்குச் சொல்லுவார், இன்றைக்குச் சொல்லுவார் என்று உங்கள் வாயையே பார்த்தேன். நீங்கள் சொல்லாத ஒவ்வொரு நாளும் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு பிடி கூடிக்கொண்டே வந்தது. நான் சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு வருஷம் இப்படித் தனியாகக் கிடந்து வெந்திருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் விட்டேன். அது என்னுடைய பாவம்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பதினாலு மாதமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் அவளுடைய கட்டிலிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. காக்கநாட்டில் டைல்ஸ் வேலையில் இருந்த உங்களைக் கூப்பிட்டாள். ஏன்?

என்னிடம் இருப்பது இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி என்ற கணக்கு மட்டும்தான். அதற்குள் இருக்கிற பேச்சு உங்களிடம் இருக்கிறது. அதை எனக்கு முழுசாக எழுதுங்கள். எனக்கு வலிக்கும் என்று எதையும் விடாதீர்கள். அவள் கடைசியாக என்னிடம் பேசியது கஞ்சியில் உப்பு போதவில்லை என்பதுதான். அதைத் தவிர வேறு ஏதாவது எனக்கு வேண்டும்.

கீழே ஓணத்துக்குப் பூ வாங்கக் கூட்டம் தொடங்கிவிட்டது. படிக்கட்டில் நின்று இதை எழுதுகிறேன், வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.

அமுதா


சங்கரன்கோவில்
14 செப்டம்பர் 2024

அமுதாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இதைச் சட்டைப் பையில் வைக்கப்போவதில்லை. தபாலாபீஸ் திண்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீ தெரிந்தே சும்மா இருந்தாய் என்று படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு அழுதேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம். நீ கேட்டதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. தினமும் மனதுக்குள் ஓட்டி ஓட்டி எனக்கு மனப்பாடம்.

போனை எடுத்ததும், "அப்பா, நான் அம்மு" என்றாள்.

"சொல்லு தங்கம்."

"வயிறு வேதனிக்குது."

அவள் அப்படித்தான் பாதி மலையாளத்தில் சொல்வாள். "அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

அமுதா, இந்த இடத்தை எழுதலாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எதையும் விடாதே என்று நீ சொல்லியிருக்கிறாய்.

"அம்மா கண்ணு போடுறா" என்றாள். "கண்ணு போடும்போது மிண்டக் கூடாது, பேச்சே கூடாது. மிண்டினா கண்ணு கோணலாப் போகும். கரடிக்குப் பாவம்ல?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சத்தியம். பெருமையாகத்தான் சொன்னாள். உனக்குக் கேட்காமல் இருக்கக் குரலை இறக்கி, போனுக்குள் ரகசியமாகப் பேசினாள். நீ அவளைக் கவனிக்கவில்லை என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. உன் வேலை கெட்டுவிடக் கூடாது என்று கூப்பிட்டாள். இதை அன்றைக்கே தெரிந்து வைத்துக்கொண்டுதான் பதினாறாம் நாள் உன்னை அப்படிச் சொன்னேன்.

"காய்ச்சல் அடிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல. தல சுடல. வயிறு மட்டும்தான்."

"சரியாப் போயிரும். கொஞ்ச நேரம் குப்புறப் படுத்துக்கோ. அப்பா கலவை போட்டுட்டேன், முடிச்சிட்டு ஓடி வாரேன்."

"பஸ்ஸுலயா, போட்டுலயா?"

"ரெண்டுலயும்தான். எர்ணாகுளம் வரைக்கும் பஸ்ஸு, அப்புறம் காயல்ல போட்டு."

யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பக்கத்தில் உன் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"போட்டுல முன்னாடி இருந்து வாங்க அப்பா. பின்னாடி இருந்தா லேட்டாகும்."

"சரி தங்கம், முன்னாடி இருந்தே வாரேன்."

"வெக்கட்டா?"

"வை."

"நீங்க வைங்க."

"நீயே வை தங்கம், எனக்குக் கையெல்லாம் சிமென்ட்டு."

அவள் வைத்துவிட்டாள். இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தது போலத் தோன்றும்.

நாலரை மணிக்குக் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். நீ ஐந்தரைக்கு அழுதுகொண்டே கூப்பிட்டபோது படகு பாதி காயலைத் தாண்டியிருந்தது. அன்று கூட்டம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். நான் முன்னாடிதான் உட்கார்ந்து வந்தேன், அமுதா.

இசக்கி